செம்புத் தோட்டா விற்ற முகுந்தன் அண்ணா

முகுந்தன் அண்ணா போய்விட்டார். கடையிலேயே, நாற்காலியில் உட்கார்ந்தபடியே. ஹார்ட் அட்டாக்காம். காலையில் நமீபியாவிலிருந்து எங்கள் பழைய முதலாளி மெசேஜ் அனுப்பியிருந்தார்.

நான்கு முறை படித்தேன். அப்புறமும் அதையே படித்துக்கொண்டிருந்தேன்…

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. ஸ்ரீரங்கம் சித்திரை வீதிக்காரர். என் வீட்டுக்காரருக்கு நமீபியாவில் சுரங்கத்தில் வேலை கிடைத்துப் போனபோது, நான் பில்லிங்குக்குச் சேர்ந்த கடையில் அண்ணாதான் கவுன்ட்டர்.

அது துப்பாக்கியும் தோட்டாவும் விற்கிற கடை. அங்கே லைசென்ஸ் எடுத்து மான் வேட்டைக்குப் போவது சட்டப்படி நடக்கிற விஷயம். முட்டைகூடச் சாப்பிடாத மனுஷன், மாடு அளவுக்கு இருக்கிற குடு மானை எந்தத் தோட்டாவால் சுடலாம் என்று வெள்ளைக்காரர்களுக்கு வகுப்பு எடுப்பார்!

நான் மணப்பாறைக்காரி, வாய் சும்மா இருக்குமா? "ஏண்ணா, புளியோதரை சாப்பிடுற வாயால மான் தோட்டா விக்கிறீங்களே?" என்பேன்.

"கடைக்கு வந்துட்டான்னா எப்படியும் சுடத்தாம்மா போறான். நல்லதா வாங்கிண்டு போகட்டுமே" என்பார்.

நல்லது என்றால் அவருக்குச் செம்பு. ஈயக் குண்டு உடம்புக்குள் போனதும் தூள் தூளாக உடைந்து கறியெல்லாம் பரவிவிடும். செம்புக் குண்டு தலை விரிந்து, பெரும்பாலும் ஒரே துண்டாக நிற்கும்.

யாராவது நம்பவில்லை என்றால், நனைத்த நியூஸ்பேப்பர் கட்டுக்குள் இரண்டு குண்டையும் முதலாளி சுட்டுக் காட்ட, அண்ணா உட்கார்ந்து தாள் தாளாகப் பிரிப்பார். ஈயம் கடுகு கொட்டின மாதிரி சிதறிக் கிடக்கும். வந்தவர் அதற்கப்புறமும் விலை குறைவு என்று ஈயத்தையே வாங்கிப் போவார்.

அண்ணா விடமாட்டார். "செம்பு லேசு சார், அதே எடையில வாங்கினா குண்டு நீளமாயிடும், குறி தப்பும். ஒரு படி எடை குறைச்சு வாங்குங்கோ. காட்டுக்குப் போறதுக்கு முன்னாடி அட்டையில பத்து தடவை சுட்டுப் பாருங்கோ…" இதையே இங்கிலீஷில், பொறுமையாக, தினமும். தன் கையால் ஒரு தடவைகூடச் சுட்டதில்லை அவர்.

ஏன் இத்தனை பாடு என்று ஒருநாள் கேட்டேன். வேட்டைக்காரன் கொம்பை எடுத்துக்கொண்டு போய்விடுவான். கறி பண்ணை வேலைக்காரர் வீடுகளுக்குத்தான் போகும். "சின்னக் கொழந்தைகள் சாப்பிடும்மா. ஈயம் மூளையைக் கெடுக்கும். நாக்குக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது" என்றார்.

இப்போது என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். இதுவரை என் வீட்டுக்காரரிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

ஒரு பண்ணைக்காரரை இரண்டு சீசன் பேசிப் பேசி அண்ணா செம்புக்கு மாற்றியிருந்தார். அவர் ஒருநாள் மதியம் அவசரமாக வந்தார். அண்ணா பேங்குக்குப் போயிருந்தார். வழக்கமானது வேண்டும் என்றார். நான் பெட்டியில் துப்பாக்கி அளவு நம்பரை மட்டும் பார்த்தேன். சரியாக இருந்தது, கொடுத்துவிட்டேன். ஈயமா செம்பா என்று நானும் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை.

அண்ணா வந்து ஷெல்பைப் பார்த்தார். "ஏம்மா… அவருக்கு எந்தப் பெட்டியக் குடுத்தே?"

போன் போட்டார். பண்ணையில் சிக்னல் கிடையாது. மறுநாள் விடிந்ததும் என்னையும் ஏற்றிக்கொண்டு காரில் கிளம்பினார்.

முந்தின நாள் சாயங்காலமே மானைச் சுட்டுவிட்டார்கள். குண்டு பட்டது தோள்பட்டையில். அந்தத் தோள்பட்டைதான் வேலைக்காரர் வீடுகளுக்குப் போயிருந்தது.

ஒரு வீட்டு வாசலில் பாதிக் கறி தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணா கத்தியை வாங்கினார். வாழ்நாளில் கறியைத் தொடாத கை… குண்டு பட்ட இடத்தைச் சுற்றி ஒரு முழத்துக்கு வெட்டி வெட்டி எறிந்தார். முகத்தைத் திருப்பிக்கொள்ளவே இல்லை.

பக்கத்தில் பானை காலியாக இருந்தது. மூன்று குழந்தைகள் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றன.

"கொழந்தைகள் சாப்ட்டாளா?" என்று அந்த அம்மாவிடம் தமிழிலேயே கேட்டுவிட்டார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே உள்ளே போய், எடுத்து வைத்திருந்த சமைத்த கறியை ஒரு தட்டில் போட்டு அவரிடம் நீட்டினாள்.

நான் பார்க்க முடியாமல் காருக்குப் போய்விட்டேன்.

திரும்பி வரும்போது என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

நாங்கள் ஊருக்கே திரும்பிவிட்ட பிறகு, போன தடவை அண்ணா லீவில் வந்தபோது ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்து ஆற்றுப் படித்துறையில் பார்த்தோம். அந்தக் குழந்தைகள் எப்படி இருக்கின்றன என்று கேட்டேன். "நன்னாத்தான் ஓடிண்டிருக்கு. உள்ளே என்னன்னு யாரு டெஸ்ட் பண்ணுவா? பண்ணையில கேட்டேன், சிரிச்சுட்டா" என்றார்.

இன்றைக்குச் சாயங்காலம் முதலாளியிடம் பேசினேன். நல்ல மனுஷர்தான், அழுதார். பாடி வர பேப்பர் வேலை பத்து நாளாவது ஆகும், அண்ணாவின் தம்பியிடம் பேசிவிட்டேன் என்றார். போனை வைக்கப் போகும்போதுதான் சொன்னார். செம்புத் தோட்டா சரக்கு இனி எடுக்கப் போவதில்லையாம். பேசி விற்க ஆள் இல்லையாம்.

"ப்ளீஸ் சார்" என்றேன். அதற்கு மேல் என்ன சொல்வது? இங்கே தில்லை நகரில் உட்கார்ந்துகொண்டு நான் என்ன செய்ய முடியும்…

அங்கே இப்போது சீசன். இன்றைக்கும் யாரோ எதையோ சுட்டிருப்பார்கள். கறி அந்த வீடுகளுக்குப் போயிருக்கும்.

மன்னிச்சிடுங்கண்ணா. போயிட்டு வாங்க.