படப்பையிலும் ஐந்தரைக்குப் பூட்டு

கல்லறைத் தோட்டத்து வாட்ச்மேனுக்கு உள்ளே இருப்பவர்களால் ஒரு தொல்லையும் கிடையாது. தொல்லையெல்லாம் வெளியே நின்று கேட்டைத் தட்டுகிறவர்களால்தான். பள்ளிக்கூடமோ குடோனோ சினிமாக் கொட்டகையோ, சாவிக்கொத்தை இடுப்பில் செருகிப் பிழைத்தவர்கள் யாராக இருந்தாலும் என் வயிற்றெரிச்சல் சட்டென்று புரிந்துவிடும்.

தாம்பரத்தில் எங்கள் சபைக்குச் சொந்தமான தோட்டத்தில் பதினோரு வருஷம் இருந்தேன். காலை ஏழு முதல் பன்னிரண்டு, மத்தியானம் மூன்று முதல் ஐந்தரை. தங்குவது கேட்டை ஒட்டிய அறையில். வாரத்தில் ஏழு நாளும் நான் ஒருவன்தான், மாற்று ஆள் கிடையாது. அதில் எனக்கென்று ஒரு கஷ்டம் இருந்தது. என் மனைவி பிலோமினா கத்தோலிக்கப் பெண், ஊர் படப்பை. நான் வேலைக்குச் சேர்ந்த மறுவருஷம் டைபாய்டில் போய்விட்டாள். அவள் அண்ணன் பிடிவாதமாகத் தங்கள் ஊர்க் கல்லறைக்கே கொண்டுபோனார். அங்கேயும் இதே நேரம்தான். இங்கே பூட்டிவிட்டு பஸ் பிடித்துப் போனால் அங்கே பூட்டியிருக்கும். மதில் ஆள் உயரத்துக்கு மேல். கல்லறைத் திருநாளன்று போகலாமென்றால் அன்றைக்குத்தான் இங்கே கூட்டம் தாங்காது. ஊரார் கல்லறைகளைக் காவல் காத்தவன், ஐந்து வருஷமாக அவள் கல்லறையை அடக்கத்தன்று பார்த்ததோடு சரி.

முதல் வண்டி டீச்சர்

ஞானம் டீச்சருக்கு வீடு ராஜகீழ்ப்பாக்கம், பள்ளிக்கூடம் எழும்பூர். விடிகாலை எலெக்ட்ரிக் ரயிலைப் பிடித்தால்தான் நேரத்துக்குக் கையெழுத்துப் போட முடியும்; திரும்பி வரும்போது எங்கள் கேட் சாத்தியிருக்கும். கணவரை அடக்கம் செய்து பத்து நாள்கூட ஆகவில்லை, ஒருநாள் காலை ஐந்தரைக்குத் தோளில் கைப்பையும் கையில் டிபன் கேரியருமாக வந்து நின்றார். நான் போர்டைக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாக வரலாமே என்று யோசனை வேறு சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. பாடம் புரியாத பிள்ளைக்குச் சொல்வது போல நிதானமாகத்தான் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை சாவகாசமா வந்து என்ன பண்றது அண்ணா, இருபது வருஷமா இவர்கிட்ட சொல்லிட்டுத்தான் நான் ரயிலுக்கே கிளம்புவேன்."

மீன் கூடை

அன்றிலிருந்து டீச்சருக்காகப் பக்கத்துச் சின்னக் கதவைத் திறந்து வைத்தேன். ஒருத்தருக்குத் திறந்தால் இன்னொருத்தருக்கு மூக்கில் வியர்த்துவிடும். அடுத்தவள் குப்பம்மா. கோவளத்துப் பக்கமிருந்து கூடையோடு வந்து தாம்பரத்துத் தெருக்களில் மீன் விற்பாள். விற்று முடிக்க மணி ஒன்றாகிவிடும். இரண்டு மணி பஸ்ஸை விட்டால் வீடு போய்ச்சேர முடியாது. அவள் மகள் செல்வி, கிறிஸ்தவப் பையனை விரும்பிக் கட்டிக்கொண்டு ஸ்டெல்லாவாகி, பிரசவத்தில் போய் எங்கள் தோட்டத்தில் படுத்திருந்தாள்.

நான் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்காரும் நேரம் பார்த்துத்தான் வருவாள். மூன்று மணிக்கு மேல் வா என்றேன். மீன் வாடையோடு உள்ளே போனால் ஆட்கள் புகார் செய்வார்கள் என்றேன். கூடையை மதிலோரம் வைத்துவிட்டு, குழாயடியில் கை கால் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் கேட்டருகே வந்து நின்றாள். எனக்கு எரிச்சல். சொன்னால் காதில் ஏறாதா என்று கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டேன். அவள் சொன்னாள்: "உசுரோட இருக்கசொல்ல ரெண்டு வருசம் நான்தான் அதுங்கூட பேசல சார், இப்ப பேச வந்தா நீ டைம் இல்லன்றியே."

போர்டு எழுதியவர்

கேட்டில் தொங்கிய நேரப் போர்டு எங்கள் செயலாளர் ஆசீர்வாதம் சார் தன் கையாலேயே எழுதியது. ரிட்டையர்ட் ஹெட் கிளார்க். என் தாராள மனசைப் பற்றி யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஒருநாள் விடிகாலையில் வந்து, டீச்சரை மரியாதையாக வெளியே அனுப்பிவிட்டு, எனக்கு மெமோ கொடுத்தார். இன்னொரு தடவை நேரம் தவறித் திறந்தால் வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டியதுதான். சின்னக் கதவின் சாவியும் அவரிடம் போயிற்று. ஐந்து மாதம் நான் யாருக்கும் திறக்கவில்லை. டீச்சர் கம்பிக்கு வெளியே நின்றுவிட்டுப் போவார். குப்பம்மா அங்கிருந்தே மகளைக் கூப்பிட்டுப் பேசுவாள். நான் இரண்டு பேர் முகத்தையும் பார்க்காமல் சருகு கூட்டுவேன். வெட்கமாக இருந்தது.

அந்த ஐப்பசி மழையில் செயலாளரின் மனைவி காலமானார். அடக்கமாகி ஒரு வாரம் இருக்கும், சாயங்காலம் ஆறு மணிக்குக் குடையும் கையுமாக சார் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். சாவியோடு ஓடினேன். வேண்டாம் என்றார். ரூல் எழுதியவனே மீறினால் நாளைக்கு நீங்கள் யாரைத் தடுக்க முடியும் என்று கேட்டார். கால் மணி நேரம் கம்பியைப் பிடித்தபடி, மனைவி இருந்த மூன்றாம் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. உங்களுக்காவது கேட்டிலிருந்து தெரிகிறது சார், என் மனைவி இருக்கிற படப்பையில் எனக்கு மதில்தான் தெரியும் என்று சொல்லிவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார். அவர் போய் எத்தனை வருஷம், லீவு உண்டா, மாற்று ஆள் யார் என்று ஆபீசில் விசாரிப்பது போலக் கேட்டார். ஐந்து வருஷம், இல்லை, யாருமில்லை என்றேன். குடையை மடக்கி விரித்து, மறுபடியும் மடக்கினார். பிறகு சொன்னார்: "நாளைக்கு மத்தியானம் கேட்ல நான் உக்கார்றேன் சாமுவேல், நீங்க படப்பைக்குப் போங்க."

அஞ்சு நிமிஷம்

சாவியைக் கொடுக்கும்போது, ஒரு மணிக்குக் குப்பம்மா வருவாள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். தெரியும், திறந்துவிடுகிறேன் என்றார். படப்பையில் மூன்று மணிக்குக் கேட் திறந்ததும் முதல் ஆளாக நுழைந்தேன். சிலுவையில் பெயின்ட் உரிந்திருந்தது, பிலோமினா என்ற பெயர் மட்டும் நன்றாகத் தெரிந்தது. பஸ்ஸில் என்னென்னவோ பேச நினைத்து வந்தேன். புல்லைப் பிடுங்கிக்கொண்டே டீச்சரைப் பற்றியும் குப்பம்மாவைப் பற்றியும் சொன்னேன். என்னால் வர முடியவில்லை என்று சொன்னேன். அப்புறம் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அதற்குள் ஐந்தரையாகி, சாவிக்கொத்து குலுங்கும் சத்தம் கேட்டது. வாயால் சொல்ல மனசு வராதபோது நாங்கள் செய்கிற வேலை அது. படப்பை வாட்ச்மேன் என்னைவிடச் சின்னவர். தம்பி, நானும் தாம்பரத்தில் இதே உத்தியோகம்தான், ஒரு அஞ்சு நிமிஷம் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பக்கத்தில் இருந்த வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தபடி சொன்னார்: "அப்ப உங்களுக்கே தெரியும்ல அண்ணா, அஞ்சு நிமிஷம்னு கேட்டவங்க யாராச்சும் அஞ்சு நிமிஷத்துல எழுந்து வந்திருக்காங்களா?"

கல்லறைத் தோட்டத்துக்கு மூடும் நேரம் குறிக்கிறவர்கள் அதுவரை தங்கள் ஆள் ஒருவரையும் அங்கே படுக்க வைத்திராதவர்களாகத்தான் இருப்பார்கள் என்பது என் பதினோரு வருஷ சர்வீசில் நான் கண்ட ஒரே உண்மை.