அத்தை தூங்கிய மோட்டார் கொட்டகை

என் அத்தையின் கால் வீங்கியபோது ஊரில் அதைப் பற்றிக் கருத்துச் சொல்லாதவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அத்தை, அது அவளுடைய கால் என்பதால் அவளை யாரும் கேட்கவில்லை. இன்னொருத்தி நான், எனக்குப் பத்து வயது என்பதால் என்னையும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது. இன்னும் இருக்கிறது.

அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. வில்லியனூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்காகப் பாகூரை அடுத்த எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். அப்பாவைப் பெற்றவர்கள் இருவரும் முன்பே போய்விட்டதால், தாய்வீட்டுச் சீராட்டு எல்லாம் என் அம்மாவின் தலையில் விழுந்தது. அதில் சிறு குறை நேர்ந்தாலும் அண்ணிக்காரி சரியில்லை என்று பேச ஊர் தயாராக இருந்தது.

வரும்போது அத்தையின் கால் சாதாரணக் காலாகத்தான் இருந்தது. சித்திரை வெயில் ஏற ஏற அதுவும் ஏறியது. கணுக்கால் எலும்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. அவளுடைய செருப்பு எதுவும் நுழையாமல் அப்பாவின் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு திரிந்தாள். புறங்காலை விரலால் அழுத்தினால் குழி விழும். விழுந்த குழி மெல்ல மேலே வரும். பள்ளிக்கூடம் லீவு என்பதால் அதை வேடிக்கை பார்ப்பதே எனக்கு வேலை. அத்தையும் காலை நீட்டிக்கொண்டு, “இன்னாடி, ஊத்தப்பம் வெந்துச்சா?” என்று கேட்பாள்.

நர்ஸம்மா வந்து ரத்த அழுத்தம் பார்த்தார். இப்போதைக்கு எல்லாம் சரியாக இருக்கிறது, இந்த மாதத்தில் இப்படி வீங்குவது உண்டு என்றார். இடது பக்கமாகப் படுக்கட்டும், காலுக்கடியில் தலையணை வைத்து உயர்த்திக்கொள்ளட்டும், தண்ணீரைக் குறைக்க வேண்டாம், ராத்திரி தூக்கம் வராவிட்டால் பகலில் தூங்கட்டும் என்றார். முகம் கை வீங்கினாலோ, தலை வலித்துக் கண் மங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்து வரச் சொன்னார். இவ்வளவு தெளிவாக ஒருவர் சொன்ன பிறகு மற்றவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதானே? மூடவில்லை. உப்பை நிறுத்து என்றாள் ஒருத்தி. தண்ணியை நிறுத்து என்றாள் இன்னொருத்தி. பையன்தான், அதனால்தான் இந்த வீக்கம் என்று ஒருத்தி சந்தோஷப்பட்டாள். உட்கார்ந்தால் தப்பு, நின்றால் தப்பு. நடந்தால் மட்டும் வடிந்துவிடும் என்பதில் எல்லோருக்கும் ஒற்றுமை இருந்தது.

இவர்கள் எல்லோருக்கும் மேலே அத்தையின் மாமியார். வெள்ளிக்கிழமை தவறாமல் டிபன் பாக்ஸில் ஏதாவது பலகாரத்தோடு பஸ் ஏறி வந்துவிடுவார். பலகாரம் நன்றாகத்தான் இருக்கும். கூடவே வரும் சட்டங்கள்தான் தொண்டையில் இறங்காது.

ராத்திரியில் அத்தைக்குத் தூக்கம் இல்லை. புரண்டு படுக்க வேண்டும் என்றால் எழுந்து உட்கார்ந்து திரும்ப வேண்டும். கண் சொக்கும் நேரம் பார்த்துக் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். அது விட்டால் பாத்ரூம். அதுவும் முடிந்து படுத்தால் உள்ளே இருப்பவர் விழித்துக்கொண்டு உதைப்பார். பக்கத்தில் படுத்திருந்த எனக்கு இதெல்லாம் அரைத்தூக்கத்தில் தெரியும். காலையில் அத்தை கண் சிவந்து உட்கார்ந்திருப்பாள். முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போதே தலை சாய்ந்துவிடும்.

அப்படிச் சாய்ந்ததை ஒரு வெள்ளிக்கிழமை மாமியார் பார்த்துவிட்டார்.

“பொழுதன்னைக்கும் தூங்கினு இருந்தா நீர் கோத்துக்காம இன்னா பண்ணும்? கொழந்தைக்குத் தலை பெருத்துப்பூடும்” என்றவர், என்னைக் கூப்பிட்டார். “பாப்பா, உங்க அத்தைக்குக் கண்ணு சொருவுனா உலுக்கி எழுப்பி வுடு. இன்னா?”

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. தூங்குகிற ஆளை எழுப்ப ஒரு காவல், அந்தக் காவலுக்கு நான்! அம்மா நர்ஸம்மா சொன்னதை எடுத்துச் சொல்வாள் என்று அவள் முகத்தைப் பார்த்தேன். கரும்பு வெட்ட வரும் மேஸ்திரியையே நடுங்க வைக்கிற வாய் அவளுக்கு. அந்த வாய் “சரிங்க” என்றது. அவ்வளவுதான்.

மறுநாள் காலை நான் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மா அதைக் கண்டுகொள்ளாமல், “நடந்தா வீக்கம் வடியும்னு அவங்களே சொல்றாங்க இல்ல? அத்தைய நம்ம கொல்லிப் பக்கம் நடத்திக் கூட்டிகினு போ. வெயில் தாழ வந்தாப் போதும்” என்றாள். சொல்லிவிட்டு என் கையில் சாப்பாட்டுத் தூக்கையும் ஒரு குடம் தண்ணீரையும் கொடுத்தாள். என் இடுப்பில் குடம் ஏறியதும் அக்குளில் ஒரு தலையணையைச் செருகினாள். நடக்கப் போகிறவர்களுக்குத் தலையணை எதற்கு என்று நான் கேட்கவில்லை. பத்து வயதில் சில விஷயங்கள் உடனே புரியும்.

எங்கள் கரும்பு வயலைத்தான் கொல்லி என்போம். அதன் மூலையில் மோட்டார் கொட்டகை. ஓலை வேய்ந்தது. பக்கத்தில் பூவரச மரம், முன்னால் தண்ணீர்த் தொட்டி. மோட்டார் ஓடும் நேரத்தில் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து அத்தை காலைத் தண்ணீரில் தொங்கவிடுவாள். பிறகு உள்ளே போய்க் கயிற்றுக் கட்டிலில் இடது பக்கமாகச் சாய்வாள். நான் உர மூட்டையின் மேல் தலையணையை வைத்து அவள் காலை அதன் மேல் ஏற்றுவேன்.

“யாரும் வராமப் பாத்துக்கடி” என்பாள். அதற்கு மேல் பேச்சு இருக்காது. ஏரிப் பக்கமிருந்து வரும் காற்று கரும்புத் தோகையைத் தடவிக்கொண்டு உள்ளே நுழையும். மோட்டார் ஒரே சுருதியில் உறுமும். அந்தச் சத்தத்தில் வேறு யாராலும் தூங்க முடியாது. அத்தை செத்தவள் போலத் தூங்கினாள். சாயங்காலம் திரும்பும்போது அவள் முகம் கழுவி விட்டாற்போல் இருக்கும். “பாத்தியா, நடக்க நடக்க வடியுது” என்று பக்கத்து வீட்டுக்காரி பெருமைப்படுவாள்.

இது நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அத்தையின் மாமியார் வெள்ளிக்கிழமைக்குக் காத்திராமல் ஒரு செவ்வாய்க்கிழமை வந்து இறங்கினார். அம்மா கடைக்குப் போயிருந்த நேரம். நடக்கப் போயிருக்கிறார்கள் என்று யாரோ கைகாட்ட, வரப்பேறி நேராகக் கொட்டகைக்கே வந்துவிட்டார். கரும்பு மறைத்ததால் நான் கவனிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது வாசலில் நின்றிருந்தார். வாய் லேசாகத் திறந்து, காலை மூட்டைமேல் தூக்கிப் போட்டுத் தூங்கும் மருமகளை அவர் வெகுநேரம் பார்த்தபடியே நின்றார். திட்டுவதற்கு மூச்சுச் சேர்க்கிறார் என்று நினைத்தேன்.

பிறகு திட்டினார். வழியெல்லாம் திட்டி, வீட்டு வாசலில் நின்று தெருவுக்கே கேட்கத் திட்டினார்.

“வாயும் வயிறுமா இருக்கிற பொண்ண மோட்டார் கொட்டாயில கொண்டுபோய்ப் போட்டு வெச்சிக்கிறீங்களே, நீங்கள்லாம் மனுசங்களா? நான் அஞ்சு பெத்தவ. என்ன எவ படுக்கச் சொன்னா? கால் வீங்கி வரப்பு ஏற முடியாம, வலி எடுக்கிற வரைக்கும் நடவுல நின்னேன். செத்த ஒக்காருன்னு எவளாவது சொன்னாளா?”

பெருமை அடித்துக்கொள்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. “நீங்க தூங்கலன்னா எங்க அத்தையும் தூங்கக் கூடாதா?” என்று கத்திவிட்டேன்.

“பெரியவங்க பேசும்போது இன்னாடி வாயி?” என்று அப்பா கையை ஓங்கினார். அதுவரை கதவோரம் நின்று எதுவுமே பேசாத அப்பாவுக்கு, என்னை அதட்ட மட்டும் வாய் வந்தது. எனக்கு இன்றும் ஆறவில்லை.

அந்தக் கூச்சலுக்கு நடுவில்தான், கடையிலிருந்து திரும்பிய அம்மா அத்தையின் காலைப் பார்த்தாள். சுடுமணலில் வேகமாக நடந்து வந்ததில் கால் இன்னும் ஊதியிருந்தது. கல்யாணத்தில் போட்ட கெட்டி வெள்ளி மெட்டி. நழுவாமல் இருக்க முனைகளைப் பற்றவைத்தே வாங்கியிருந்தார்கள். அது சதைக்குள் புதைந்து, விரல் கத்திரிக்காய் நிறத்துக்கு மாறியிருந்தது. அம்மா சோப்புப் போட்டு உருவிப் பார்த்தாள். எண்ணெய் விட்டுப் பார்த்தாள். அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

“பாப்பா, மோட்டார் கொட்டாயில கட்டிங் பிளேயர் இருக்கும். ஓடு” என்றாள் அம்மா.

நான் ஓடித் திரும்பியபோது வீடு இரண்டாகியிருந்தது. “புருசன் உசுரோட இருக்கறப்ப மெட்டிய வெட்டுவாங்களா?” என்று மாமியார் மார்பில் அடித்துக்கொண்டிருந்தார். செல்போனில் அத்தையின் கணவரை, எங்கள் மாமாவைப் பிடித்தார்கள். கம்பெனியில் ஷிப்டில் இருந்த அவர், “பெரியவங்களாப் பாத்து பண்ணுங்க” என்று சொல்லி வைத்துவிட்டார். அப்பா, “பொம்பளைங்க விசயம், நான் இன்னா சொல்றது” என்றார். இரண்டு ஆம்பிளைகளுக்கும் ஒரு விரலைப் பற்றிச் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. விரல் கறுத்துக்கொண்டே வந்தது.

அப்போது அத்தை தானாகவே காலை அம்மாவின் மடியில் தூக்கி வைத்தாள்.

“வெட்டுங்க அண்ணி. அவருக்கு ஒண்ணும் ஆவாது. வெரலு போனா எனக்குத்தான் போவும்.”

அம்மா பிளேயர் முனையை மெட்டிக்கடியில் நுழைத்து அழுத்தினாள். ‘டக்’கென்று ஒரு சத்தம். மெட்டி அறுந்து வாய் பிளந்தது. அத்தை விட்ட மூச்சு வாசல்வரை கேட்டது.

மாமா இன்றும் நன்றாக இருக்கிறார். தொப்பைதான் கொஞ்சம் கூடிவிட்டது. பிறந்தது பெண். தலை எல்லோருக்கும் இருக்கிற அளவில்தான் இருந்தது. மெட்டி வெட்டிய கதையை மட்டும் ஊர் வெகுகாலம் என் அம்மாவின் கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தது. வெட்டாமல் விட்டிருந்தால் யாருடைய கணக்கு என்று ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அன்றைக்கு மாமியார் காபி கூடக் குடிக்காமல் கிளம்பினார். வந்தவரைத் தனியாக அனுப்பக் கூடாது என்று அம்மா என்னிடம் பையைக் கொடுத்துப் பஸ் ஸ்டாப் வரைக்கும் போகச் சொன்னாள். வேண்டாவெறுப்பாகப் பின்னால் நடந்தேன். பஸ் வரக் காணோம். அவர் மதகுக் கட்டையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். குதிகாலைக் கையால் நீவிவிட்டுக்கொண்டார். என்னைப் பார்க்காமல் கேட்டார்.

“அந்தக் கொட்டாயில உங்க அத்தை நல்லா தூங்குவாளா?”

நான் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

“மோட்டாரு சத்தம் தொந்தரவா இல்லையா?”

ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“உள்ள காத்து நல்லா வருமா?”

அம்மாமேல் புகார் சொல்லத் துப்புத் தேடுகிறார் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. அவ்வளவு லேசில் ஏமாறுகிறவளா நான்? பையை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டேன். பஸ் வந்தது. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, பதிலுக்குக் காத்திருப்பவர் போல, பஸ் திரும்பும்வரை என்னையே பார்த்துக்கொண்டு போனார்.