ஒரு கையில் பால்குடம், மறு கையில் காமிரா

இதை எழுத நாலு வருஷமாகத் தயங்கினேன். கேட்பவர்கள் ஒன்றுக்கு இரண்டாகச் சேர்த்துவிடுவார்களோ என்று பயம்.

அன்றைக்கு மலைமேல் சித்திரபுரத்தில் எஸ்டேட் மாரியம்மன் கோயில் வாசலில் நிற்கிறேன். எங்கும் மூடுபனி. என் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததற்கு வீட்டுக்காரி நேர்ந்துகொண்ட பால்குடத்துக்காகக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்திருக்கிறோம். சூலத்தின்மேல் அவள் பால் ஊற்றுவதைப் படமாக்கிப் பூஜையறையில் மாட்ட எனக்கு ஆசை. ஆனால் குடம் சுமக்காதவர் வாசலில் கட்டிய கயிற்றைத் தாண்டக்கூடாதாம். நானும் வெளியே, பெரிய காமிராவோடு நான் கூப்பிட்ட ஸ்டுடியோக்காரரும் வெளியே.

வரிசையில் அவளுக்குப் பின்னால் நிற்கும் முத்துலட்சுமி தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்பவர். தலையில் குடம், கையில் உள்ளங்கையளவு மிரர்லெஸ் காமிரா. "நான் எடுத்துத் தாரேன் அண்ணாச்சி" என்கிறார்.

"ஏனுங்க, இத்தனை பனிக்குள்ள இந்தச் சின்னதுல படம் தெளிவா வருங்களா?"

"புள்ளி புள்ளியாத்தான் வரும். அவரு காமிராவுல சென்சார் பெருசு, இருட்டுலயும் பளிச்சுன்னு எடுக்கும். ஆனா அதுக்கு ரெண்டு கையும் வேணும்லா? குடத்த விட்டா காமிராவுக்குல்லா பாலபிஷேகம்!"

ஸ்டுடியோக்காரரே சிரித்துவிடுகிறார்.

உள்ளே குலவை கேட்கிறது. கண்ணை மூடிக் கும்பிடுகிறேன். முத்துலட்சுமி திரும்பி வந்து காட்டுகிறார். படம் கொஞ்சம் சாய்ந்து, புள்ளி புள்ளியாக இருக்கிறது. அதில் என் வீட்டுக்காரி அழுதுகொண்டே சிரிக்கிறாள். காமிராவைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன்.

"அண்ணாச்சி, சாமி உள்ள இருக்கு!"

பிறகு எங்களை வாசலில் நிற்கவைத்து ஸ்டுடியோக்காரர் எடுக்கிறார். அவள் மூக்குத்தியில் ஒட்டிய பால்துளிகூட அதில் தெரிகிறது.

யாரிடம் சொன்னாலும் இரண்டு படத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். எங்கள் பூஜையறையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன.