சுவரைப் பார்த்த பலகை

எங்கள் கோழிக்கூண்டுக்குப் பின்னால் ஒரு தகரப் பலகை சுவரைப் பார்த்து நிற்கிறது. ஆத்தா அதைத் திருப்ப விடமாட்டாள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் அந்தப் பலகையில் அண்ணன் மஞ்சள் பெயிண்டில் எழுதியதைப் பார்க்காமலே சொல்வேன்: ‘எமன் வாரது எருமையில. நீங்க போறது பிளசர்ல. புடிக்கவா போறான்?’

திண்டுக்கல்லில் ஒரு முதலாளி வாடகைக்கு விட்ட பிளசர் காருக்கு அண்ணன்தான் விளம்பரக்காரன். சந்தை நாளில் காரின் தலையில் பலகையைக் கட்டி, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, தகரக் குழாயில் கத்திக்கொண்டே ஊர் ஊராகப் போவான். மாமியார் மூணு பேர் ஏறினாலும் வண்டி முனகாது என்பான். மாப்பிள்ளை ஓடிப்போனால் விரட்டிப் பிடித்துத் தருவோம், அதற்குத் தனி வாடகை இல்லை என்பான். கல்யாண வீட்டுக்காரர்கள் சிரித்துக்கொண்டே வந்து வண்டி பேசிவிட்டுப் போவார்கள்.

எமன் பலகை வந்த பிறகு ஆத்தாவுக்குச் சோறு இறங்கவில்லை. விளக்கு வைத்த பிறகு அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்லமாட்டோம். இவன் அதைக் காரின் நெற்றியில் எழுதி ஊரெல்லாம் காட்டினான். பிள்ளைக்குச் சுற்றிப்போடுவது போல ஆத்தா மிளகாயும் உப்பும் எடுத்துப் பலகையைச் சுற்றி அடுப்பில் போட்டாள். அழித்துவிடு என்று கெஞ்சினாள்.

“எமனுக்குப் படிக்கத் தெரியாது ஆத்தா. பள்ளிக்கூடம் போயிருந்தா இந்த வேலைக்கா வந்திருப்பான்?” என்றான் அண்ணன்.

நானும் சிரித்தேன்.

ஒரு சாயங்காலம் கார் எங்கள் சித்தையன்கோட்டைக்கு வந்து நின்றது. வாய்க்காலில் கால் கழுவ இறங்கிய அண்ணனைப் பாம்பு கடித்துவிட்டது. டிரைவர் அவனைத் தூக்கிப் பின்சீட்டில் படுக்க வைத்தார். தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். அந்தப் பலகை சொன்னது நிஜமாக இருக்கட்டும் என்று அன்றைக்குத்தான் சாமியை வேண்டினேன். கார் நன்றாகத்தான் ஓடியது. ஆத்தூர் தாண்டியதும் நின்றுவிட்டது. மேய்ச்சலிலிருந்து திரும்பிய எருமைகள் ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தன. டிரைவர் ஹாரனை அழுத்த அழுத்த அவை அப்படியே நின்று காரைப் பார்த்தன. மேய்த்தவர் கம்பால் அடித்தும் நகரவில்லை. கண்ணாடி முழுக்கக் கொம்பும் மூக்கும்தான்.

அண்ணனுக்கு நாக்கு தடித்துப்போயிருந்தது. என் கையைச் சுரண்டினான். குனிந்தேன்.

“போர்டத் திருப்பி வைக்கச் சொல்லு புள்ள. படிச்சிட்டான் போல.”

சிரித்துக்கொண்டு சொன்னானா என்று தெரியாது. நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, எருமைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வழி கிடைத்துத் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டுத் துணியை முகம் வரைக்கும் இழுத்துவிட்டார்.

இப்போது அந்தக் காரில் வேறு பலகை, வேறு ஆள். அவன் கத்துகிற வேடிக்கைக்கும் சனங்கள் சிரிக்கிறார்கள். நான் வீட்டுக்குள் போய்விடுவேன். பொழுது சாய்ந்து எருமைகளின் கழுத்துமணி கேட்டால், கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டுக் கூண்டுக்குப் பின்னால் ஓடுகிறேன். தகரம் சுவரைப் பார்த்துத்தான் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறேன். வீட்டுக்குள் ஆத்தா இருக்கிறாள்.