உள்ளே எத்தனை பேர்

மெட்ராஸ் பக்கம் மண்ணூரில் எங்கள் அறையில் பாய் நான்கு, ஆள் எட்டு. ஒருவன் ஷிப்ட் முடிந்து வரும்போது இன்னொருவன் எழுந்து போவான். பாய் ஆறுவதே இல்லை. ஊரில் உள்ள உங்களிடம் சொன்னால் சிரிப்பீர்கள். இங்கே இதற்குப் பெயர் வசதி. நான் மட்டும் இன்றும் தலையணையை ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன்.

கொரோனா இரண்டாவது முறை பரவியபோது எனக்கும் வந்தது. என்னைக் கொண்டுபோய் வைத்த கொரோனா முகாமில் மூன்று தடவை மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தும் நோய் போகவில்லை. எடுத்த சளியை ஆராய்ச்சிக்குக் கேட்டார்கள், கையெழுத்துப் போட்டேன். பிறகு ஒரு டாக்டரம்மா போன் செய்தார். "உங்க உடம்புல இருக்கற வைரஸ் எல்லாம் ஒரே மாதிரி இல்லீங்க. சின்னச் சின்ன வித்தியாசத்தோட பல வகை இருக்கு."

எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். பல வகை என்றால் பல பேரிடமிருந்து ஒட்டியது என்று நினைத்துவிட்டேன். பாயில் எனக்கு முன் படுத்தவன், டீக்கடையில் தும்மியவன், கம்பெனி பஸ்ஸில் என் தோளில் தூங்கியவன் என்று பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு திரும்ப அழைத்தேன். அவர் பொறுமையாகச் சொன்னார். "ஒருத்தர்கிட்டருந்தே வந்திருக்கலாம். உள்ள வந்து தன்னைத்தானே நகல் எடுக்கும்போது அங்கங்க தப்பு விழும். எல்லாருக்கும் கொஞ்சம் இருக்கும். உங்களுக்கு நாள் கூடினதால அதிகம்." அது புரிந்தது. நான் கம்பெனி லைனில் செக்கிங்கில் நிற்பவன். ஒரே அச்சில் விழும் பாகத்திலேயே மயிரிழை வித்தியாசம் வரும், எடுத்துத் தள்ளுவேன். என் உடம்பில் செக்கிங்குக்கு ஆள் போடவில்லை, அவ்வளவுதான்.

புரிந்ததோடு நிறுத்தியிருக்கலாம். இனி அறையில் தனியாக இரு என்று முகாமிலிருந்து அனுப்பியபோது, மறைத்தால் பாவம் என்று வீட்டுக்காரர் ஏழுமலை அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"நாலு பேருன்னு வூடு குடுத்தேன். எட்டாச்சு, ஒன்னும் சொல்லல. இப்ப உள்ளாரயும் கூட்டம் சேத்துக்கினு கீறியா? உன் ஊருக்கே போயிடு தம்பி."

கோவில்பட்டிப் பக்கம் என் ஊர். என் தம்பிதான் போனை எடுத்தான். "இப்ப வராதண்ணே. மெட்ராஸ் பக்கம் இருந்து வாரவன்னாலே தெருவுல ஒரு மாதிரி பேசுதாவ."

கடைசியில் ஏழுமலை அண்ணன் மனம் இரங்கி மொட்டைமாடியில் தார்ப்பாய் கட்டிக் கொடுத்தார். மறுநாள் சுகாதாரப் பணியாளர் ஒரு அம்மா, தனிமையில் இருப்பவர் என்று என் பெயர் எழுதிய ஸ்டிக்கரோடு வந்தார். "என் வாசக்கால்ல ஒட்டாதம்மா" என்றார் அண்ணன். அந்த அம்மா மாடியேறி வந்து, சுற்றிலும் பார்த்துவிட்டு, தண்ணீர் டேங்கில் ஒட்டிவிட்டுப் போனார்.

நான் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. இந்த ஊரில் என் பெயரை எழுதி ஒட்டிய முதல் இடம் அது. ஊருக்கு அனுப்பலாம் என்று போட்டோகூட எடுத்தேன். அனுப்பவில்லை.