அக்கா அடித்த ஐந்து 'சார்'

அக்காவின் சிவப்புப் பேனா என் கடிதத்தில் முதலில் அடித்தது 'சார்' என்ற சொல்லை. அடுத்த வரியிலும் ஒரு 'சார்'. அதையும் அடித்தார். ஒரே பக்கத்தில் ஐந்து. "யாரு தம்பி இந்த சார்? மொகத்தைப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பல் தெரியச் சிரித்தார்.

பிள்ளைகளே, நான் அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவன். பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. அப்போது என் மகளுக்கு ஆறு வயது. அவளுக்கு வலது காதில் மட்டும்தான் கேட்கும், அதுவும் கருவி வைத்தால். பழைய கருவி பழுதாகிவிட்டது. டாக்டர் சொன்ன வகை இங்கே கிடைக்காததால், ஒரு வெளிநாட்டுக் கடையில் போனிலேயே ஆர்டர் போட்டேன். வலது காதுக்குக் கேட்டேன். வந்ததோ இடது காதுக்கானது.

யாரிடமும் தணிந்து கேட்டால்தான் காரியம் நடக்கும் என்பது நம் வீட்டுப் பழக்கம் அல்லவா? எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கடைக்கு எழுதிய கடிதத்தை, 'நோ ப்ராப்ளம் சார், வீ வில் அட்ஜஸ்ட் சார்' என்று தொடங்கி, மெதுவாக மாற்றித் தந்தால் போதும் என்று முடித்தேன். 'பிரச்சினை இல்லை என்று தெரிவித்ததற்கு நன்றி' என்று பதில் வந்தது. அதோடு சரி. பிறகு நான் எழுதிய எதற்கும் பதில் இல்லை.

வாரங்கள் போயின. கருவி இல்லாமல் மகள் ஒவ்வொரு சொல்லாக விட்டுக்கொண்டே வந்தாள். முதலில் 'தண்ணி' போயிற்று. கையை வாயருகே கொண்டுபோய்க் காட்டினாள். ஒரு நாள் நான் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும், 'அப்பா' என்று கூப்பிடாமல் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு அக்கா இருக்கிறார், வெளிநாட்டுச் சாமான், விமான டிக்கெட் தகராறு எல்லாவற்றுக்கும் இலவசமாக உதவுகிறார் என்று பட்டறையில் ஒருவர் சொன்னார். இன்னொரு கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு, மகளோடு காட்டூரில் பஸ் ஏறினேன். வெறுங்கையோடு போக மனசில்லாமல் ஒரு சீப்புப் பூவன் பழமும் வாங்கிக்கொண்டேன்.

"இலவசம்னு போர்டு வெச்சிருக்கேன், பழத்தைக் கொடுத்து அழிச்சிடாதீங்க" என்றார் அக்கா. ஆனால் ஒரு பழத்தை உரித்து மகள் கையில் கொடுத்தார். பிறகுதான் அந்தச் சிவப்புப் பேனா. என் முதல் கடிதத்தையும் படித்துவிட்டுச் சொன்னார்: "நாம பரவாயில்லைன்னு சொன்னா, 'பரவாயில்லை, ஆனா செஞ்சு கொடுத்துடு'ன்னு அர்த்தம். அங்க இருக்கிறவனுக்கு முதல் பாதிதான் புரியும்."

நான்கே வரிகளில் எழுதச் சொன்னார். என்ன கேட்டேன், என்ன வந்தது, எந்தத் தேதிக்குள் மாற்ற வேண்டும், மாற்றாவிட்டால் எங்கே புகார் செய்வேன். டப்பாவின் படத்தையும் சேர்க்கச் சொன்னார்.

"கோவிச்சுக்க மாட்டாங்களாக்கா?"

"கோவிச்சுக்கட்டுமே. புள்ளைக்குக் காது கேக்கணுமா, அவங்க கோவிச்சுக்காம இருக்கணுமா?"

மூன்று முறை அப்படி எழுத வைத்தார். சரியான கருவி வந்தது. அதைப் பொருத்திய மறுநாள் காலையில் மகள் 'அப்பா' என்றாள். அக்காவின் எதிரில் அவளை அதைச் சொல்ல வைக்க வேண்டும் என்று அன்று சாயங்காலமே ஸ்ரீரங்கத்துக்குக் கூட்டிப் போனேன். அக்காவின் மாடி அறை பூட்டியிருந்தது. கீழே பூக்கட்டும் அம்மா, "அவங்க வீட்டுக்காரருக்கு ஒடம்பு முடியலைன்னு மகன் வந்து கூட்டிட்டுப் போயிட்டாருங்க. எந்த ஊருன்னு கேக்காம விட்டுட்டேனே" என்றார். அக்காவின் போன் நம்பரும் வேலை செய்யவில்லை.

இப்போது மகள் ஒன்பதாவது படிக்கிறாள். வாய் ஓய்வதில்லை. அக்காவை அவளுக்கு நினைவிருக்கிறது: சிரித்த பல், அசைந்த உதடு, பழம் உரித்த விரல். அன்று அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. போன வாரம் திடீரென்று, "அவங்க கொரல் எப்படிப்பா இருக்கும்?" என்று கேட்டாள்.

தொண்டையைச் செருமிக்கொண்டு, அக்கா மாதிரியே பேசிப் பார்த்தேன். வலது காதை என் பக்கம் சாய்த்துக் கவனமாகக் கேட்டாள்.

"இது உன் கொரல்தாம்ப்பா" என்றாள்.