ஐந்தாவது அடைப்பான்

காதுக்காரர் என்றால் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பழைய ஆட்டோமேட்டிக் கார்களுக்கு மட்டும் வைத்தியம் பார்க்கும் மெக்கானிக். கியர் மாற நேரமாகிறது, மாறும்போது முதுகில் உதைக்கிறது என்று போனால் மற்றவர்கள் கியர்பாக்ஸையே இறக்கச் சொல்வார்கள். இவரோ ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்துக்கொண்டு, இன்ஜினில் எங்கே ‘உஸ்’ஸென்று காற்றுக் கசிகிறது என்று தேடுவார். இன்ஜின் காற்றை உறிஞ்சும் வேகத்தைப் பார்த்துத்தான் அந்தக் கால கியர் மாறும். அந்த உறிஞ்சலைக் கொண்டுபோகும் குழாயில் கீறல் விழுந்தால் கியருக்குப் புத்தி பேதலித்துவிடும்.

மனிதர் பிறவிப் பயந்தாங்கொள்ளி. பூட்டிய பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். “நாலாவது தடவ இழுத்தா பூட்டு கையோட வந்துடும்” என்பாள் மனைவி.

அன்று தையல்காரம்மாவின் கார் வந்திருந்தது. குழாய்களுக்கு அடைப்பானாகத் தலை வெட்டிய போல்ட்டுகள் ஐந்து ஒரு டப்பாவில் வைத்திருப்பார். சந்தேகப்படும் குழாய்க்குள் ஒன்றைச் செருகி, குழாயை மறுபடி மாட்டிவிட்டு இன்ஜினைக் கேட்பார். சத்தம் சீரானால் கசிவு அந்தக் குழாயில்தான். கியருக்குப் போகும் குழாய் அகப்பட்டது. புதிது போட்டதும் கியர் வெண்ணெயாக மாறியது. கண் ஆபரேஷன் ஆன கணவருக்குக் கட்டுப் பிரிக்க நேரமாகிறது என்று அந்தம்மா அவசரப்படுத்தி, அவரைப் பின்சீட்டில் உட்கார வைத்துச் சரிவுச் சாலையில் இறங்கிப் போனாள்.

டப்பாவை மூடும்போது எண்ணினார். நாலு.

தரையில் தேடினார். பெஞ்சுக்கு அடியில் தேடினார். பிறகுதான் நினைவு வந்தது. முதலில் அடைத்தது பிரேக் குழாயை. அதே உறிஞ்சல்தான் பிரேக்குக்கும் பலம். முதல் இரண்டு மிதிக்குச் சரியாக இருக்கும், அப்புறம் பெடல் கல்லாகிவிடும். நடுவில் போன் வந்தது, பேசினார், மறந்தார்.

போன் போட்டார். ஓட்டும்போது அந்தம்மா எடுக்க மாட்டாள். ஸ்கூட்டரைக் கிளப்பினார். ஒவ்வொரு வளைவிலும் கூட்டம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இறங்கினார். தெரிந்துவிடக் கூடாதே என்று கண்ணை மூடவும் தோன்றியது.

பாதிச் சரிவில், சக்கரத்துக்குக் கல் வைத்து கார் நின்றிருந்தது. தையல்காரம்மா முகம் வெளுத்துப் போயிருந்தாள்.

“பிரேக்கு கல்லாட்டம் ஆயிடுச்சுங்க. ரெண்டு காலையும் வெச்சு அமுக்கினேன், அசையல. கியர கடைசிக்கு, மெதுவா போற கியருக்கு இழுத்தேன், வண்டிய கப்புனு புடிச்சுது. அப்புறம் ஹேண்ட்பிரேக்கப் போட்டு நிறுத்தினேன். நேத்து இருந்த கியரா இருந்தா நாங்க ரெண்டு பேரும் அந்தப் பள்ளத்துலதான். நீங்க நல்லா இருக்கணும்.”

“எதுக்கு நிக்கிறோம்? டாக்டர் போயிடப் போறாரு” என்றார் கண்ணைக் கட்டியிருந்த கணவர்.

காதுக்காரர் பானெட்டைத் தூக்கினார். அது அவரை மறைத்தது. குழாயைக் கழற்றி போல்ட்டை உருவி, மறுபடி மாட்டினார். பையில் போட்டுக்கொண்டால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. வாழ்த்துகூடக் கிடைத்தாகிவிட்டது. கை பைக்குள் போனது. அங்கேயே வெகுநேரம் இருந்தது. பிறகு வெளியே வந்து, அந்தம்மாவின் முன் விரிந்தது.

“நான்தாம்மா. உள்ளயே வெச்சு மறந்துட்டேன்.”

அவள் போல்ட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அறை விழும் என்று எதிர்பார்த்தார். அவள் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, மறுபக்கக் கதவைத் திறந்துவிட்டாள்.

“கல்ல எடுத்துட்டு ஏறுங்க.”

“நான் ஓட்டறேம்மா...”

“நான்தான் ஓட்டுவேன். நீங்க பக்கத்துல உக்காருங்க.”

இன்னும் மூன்று வளைவுகள் இருந்தன. முதல் வளைவு கிட்ட வரும்வரை அவள் பிரேக்கில் கால் வைக்கவே இல்லை. காதுக்காரரின் கால், தன் பக்கம் இல்லாத பிரேக்கை நினைத்து, வெறும் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது.